மடி நிறையக் கோட்டுகள்

வெயில் வந்துவிட்டது, அதனால்தான் இத்தனையும் என் மடியில் கிடக்கின்றன. காலையில் ஏரிக்கரைக்கு வந்தபோது வாயைத் திறந்தால் புகை. மாப்பிள்ளை அதை வளையம் வளையமாக விட்டுக் காட்டினார், சிகரெட்டை விட்டு எத்தனையோ வருஷமான மனிதர், பாவம், கை தன்னால் சட்டைப்பையைத் தேடியது. இப்போது பார்த்தால் கொடைக்கானல் ஏரி முழுக்கத் தகடு தகடாக வெளிச்சம், ஆளாளுக்குக் கழற்றிவிட்டார்கள். 'அப்பா, நீங்க இங்கனயே உக்காந்திருங்க, இதையெல்லாம் பாத்துக்கோங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வந்துருதோம்' என்று மகள் மங்கை சொன்னாள். முதலில் கழற்றியது நான்தான். மருமகள் ஷர்மிளா எனக்கென்று சென்னையிலிருந்து வாங்கி வந்த நீளக் கோட்டு, ஒட்டக நிறமாம், பொத்தான் ஒவ்வொன்றும் அதிரசம் தண்டி. அதைப் போட்டுக்கொண்டு ஓட்டல் கண்ணாடி முன்னால் போய் நின்றேன், எந்த ஊர் ஜட்ஜோ ரிட்டயர் ஆகி வருகிறார் என்று நானே ஒதுங்கி வழிவிட்டேன். வெயில் உறைத்ததும் கழற்றி மடியில் போட்டேன். போட்டதுதான் தப்பு. கிழவனுக்கு மடி என்று ஒன்று இருப்பதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அதன்மேல் மகன் ஆவுடையப்பனின் ஜெர்கின், கார் டாஷ்போர்டின் எலுமிச்சை வாசனை அதில். அதன்மேல் மாப்பிள்ளையின் தோல் ஜாக்கெட், மாடு இன்னும் முழுசாகச் சாகவில்லையோ என்கிற கனம். ஷர்மிளாவின் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. அவள் மகள், என் பேத்தி ஓவியாவின் வெள்ளைப் புசுபுசுக் கோட்டு, அதன் ரோமம் மூக்கில் ஏறுகிறது. உச்சியில் மங்கையின் சால்வை, தைலமும் தேங்காயெண்ணெயும். எல்லாவற்றிலும் போட்டிருந்தவர்களின் சூடு இன்னும் இருக்கிறது. ஆட்கள் ஏரியில், அவர்கள் சூடு என் தொடையில். இது என்ன கணக்கோ. ஓவியாதான் இந்தப் பயணத்துக்குத் தளபதி, ஃபேஷன் படிக்கிறாள், யார் எந்த நிறம் உடுத்த வேண்டும் என்று ஒரு மாதமாக எல்லாருக்கும் போனில் படம் அனுப்பிக்கொண்டே இருந்தாள். படகு, அப்புறம் சுட்ட சோளம், அப்புறம் வாடகை சைக்கிள், கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ, செல்போன் போட்டோ இல்லை, ஏரிக்கரையில் கேமராவும் கழுத்துமாக நிற்கிறானே அவனிடம். நான் கோட்டுக்கு உள்ளே போட்டிருந்த பழைய மெரூன் ஸ்வெட்டரைப் பார்த்து, ஐயோ இதைக் கழற்றச் சொல்வாளே என்று பயந்தேன். அவள் தடவிப் பார்த்துவிட்டு, 'தாத்தா, இது செம விண்டேஜ்' என்றாள். என்னைச் சொன்னாளா ஸ்வெட்டரைச் சொன்னாளா தெரியவில்லை, இரண்டும் பாஸ் ஆகிவிட்டது.

பாஸ், ஃபெயில். இந்த வார்த்தைதான் காலையிலிருந்து காதில் கொசு மாதிரி சுற்றுகிறது. கையை எடுத்து விரட்டலாம் என்றால் கை இரண்டும் கோட்டுக் குவியலுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கின்றன, உருவினால் எல்லாம் சரிந்து புல்லில் விழும், புல் முழுக்கப் பனி ஈரம், குதிரைக்காரர்கள் போகிற வழி வேறு, குதிரை எதையும் பார்த்துப் போடுவதில்லை. அசையாமல் இரு தெய்வசிகாமணி. ஒரு கிழவனைக் கட்டிப்போட இதைவிட நாகரிகமான வழி கிடையாது. கழுத்துக்குப் பின்னால் ஸ்வெட்டர் குத்துகிறது, பழைய இடம், அந்த இரண்டு நூல் முனை. தடவிப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, எட்டாது. காலையில் ஓட்டல் சாப்பாட்டு அறையில் தூணுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மகனும் மகளும். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை, அது என் தனிச் சொத்து. 'திங்கக்கிழமைக்கு டாக்டர்ட்ட சொல்லி வச்சிருக்கேன் அக்கா, மறதிக்குப் பாக்கிறவரு. போற வழியில மதுரையில காட்டிட்டுப் போயிருவோம்' என்கிறான் ஆவுடை. 'அப்பாட்ட என்னன்னு சொல்ல?' 'பி.பி. பாக்கணும்னு சொல்லிக்கலாம்.' பரவாயில்லை, பையனுக்கும் கொஞ்சம் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன், இத்தனை வருஷமாக அவனுக்கு ஒரு பொய்கூட ஒழுங்காக வராதே என்று வருத்தப்பட்டிருக்கிறேன். அப்புறம் சொன்னான்: 'அப்படி எதாவதுன்னு சொல்லிட்டாருன்னா பாளையங்கோட்டை வீட்டைப் பூட்டிர வேண்டியதுதான். கொஞ்ச நாள் உங்கிட்ட, கொஞ்ச நாள் எங்கிட்ட.' மங்கை ஸ்பூனால் பொங்கலைக் கிளறுகிற சத்தம் மட்டும் கேட்டது. பூட்டுவதாம். என் வீட்டுக் கதவுக்குப் பூட்டு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது, நான் என்றைக்குப் பூட்டினேன், சாயந்தரம் டீக்கடைக்குப் போனாலும் சும்மா சாத்திவிட்டுத்தான் போவேன். அந்த டீக்கடை பெஞ்சில் என் இடத்தில் வேறு எவனாவது உட்காருவான், உட்கார்ந்து உண்மையைப் பேசுவான், கடையே நாறிப்போகும்.

எல்லாம் அந்த கேஸ்காரனால் வந்தது. சிலிண்டரைத் தரையில் உருட்டிக்கொண்டு வந்தான், 'அம்மா உள்ள தூங்குதா, மெதுவா வைப்பா' என்று சொன்னேன். மங்கை அன்றைக்குப் பார்த்தா மதுரையிலிருந்து வந்து அடுப்படியில் நிற்க வேண்டும். என் வீட்டுக்காரி வடிவு போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது, இவர் தூங்குகிறாள் என்கிறாரே என்று முகம் வெளிறி ஓடி வந்தாள். நான் என்னவென்று விளக்குவேன்? தனியாகவா இருக்கிறீர்கள் என்று கேட்டு, ஆமாம் என்றதும் ஒவ்வொருத்தனும் ஒரு மூஞ்சி வைத்துக்கொள்கிறான், அந்த மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காமல்தான் வெளியாட்களுக்கு வடிவை உயிரோடு வைத்திருக்கிறேன். பால்காரனுக்கு அவள் கோவிலுக்குப் போயிருக்கிறாள். கரண்டு ரீடிங் பார்க்க வருகிறவனுக்குக் குளித்துக்கொண்டிருக்கிறாள். பொய்தான், தெரிந்து சொன்ன பொய், வாழ்க்கை முழுக்கத் தையல் மெஷின் விற்றவன் வாயில் அது தன்னால் வரும். ஆனால் ஒன்று. கேஸ்காரன் போனபிறகு அந்த அறையைத் தாண்டும்போது நானும் மெதுவாகத்தான் நடந்தேன். அதை நினைக்காதே. ஏன் மெதுவாக நடந்தேன்? தரை ஈரமாக இருந்திருக்கும். நினைக்காதே என்கிறேன் இல்லையா. படகு எங்கே? அதோ, தீவு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற மரங்களுக்குப் பக்கத்தில், ஓவியாவின் சிவப்புக் குல்லா தெரிகிறது. யாரோ சிரிக்கிற சத்தம் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வருகிறது. மங்கையாக இருக்கும், அவளுக்குத்தான் வடிவு சிரிப்பு.

முந்தாநாள் வந்ததிலிருந்து பரீட்சைதான். பேச்சோடு பேச்சாகக் கேட்கிறார்கள், எனக்குத் தெரியாதாம். 'மாமா, நம்ம ரூம் எந்த மாடி?' என்கிறாள் ஷர்மிளா. 'நேத்து ராத்திரி என்னப்பா சாப்பிட்டோம்?' என்று மங்கை. நான் 'மான் கறி' என்றேன். எப்போதும் இப்படித்தானே சொல்வேன், எப்போதும் சிரிப்பார்களே, இந்தத் தடவை மகன், மகள், மருமகள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சப்பாத்தி, குருமா, எனக்கு மட்டும் குருமாவில் காரம் குறைவு, எனக்குத் தெரியாதா? ஆனால் அதைச் சொல்வதில் என்ன இருக்கிறது. ஓவியா சின்னவளாக இருந்தபோது இந்த ஏரிக் கதையைத்தான் எத்தனை தடவை கேட்டிருப்பாள். ஒரு டிசம்பரில் ஏரி பனிக்கட்டியாக இறுகிப்போய், குதித்த மீன் ஒன்று பாதி உள்ளே பாதி வெளியே நின்றுவிட்டது, நான் சைக்கிள் கேரியரில் தையல் மெஷினோடு அந்த வழியாக வந்தவன் பாவம் பார்த்து என் மஃப்ளரை எடுத்து அதன் கழுத்தில் சுற்றிவிட்டேன். அடுத்த வருஷம் வந்தால் கரையில் மஃப்ளர் துவைத்து மடித்து வைத்திருக்கிறது. 'மீனுக்குக் கழுத்து எங்க தாத்தா இருக்கு?' என்பாள். 'அதான் எனக்கும் கஷ்டமாப் போச்சு' என்பேன். நேற்று அதையே சொன்னேன். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, 'ஓகே தாத்தா' என்றாள், மெதுவாக, ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில். அந்தக் குரல் குளிரைவிட மோசம். அதனால்தான் காலையில் தூணுக்குப் பின்னால் பொங்கலை விழுங்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன். மதுரை தாண்டுகிற வரைக்கும் உண்மை மட்டும்தான். கேட்டதற்கு உள்ளதைச் சொல்வது, ஒரு பொட்டுக்கூடக் கூட்டக்கூடாது. பத்தியச் சாப்பாடு. காலையிலிருந்து அப்படித்தான் போகிறது. 'குளிருதாப்பா?' 'குளிருது.' 'காபி எப்படி?' 'சூடு இல்லை.' நாக்கு உப்பில்லாத கஞ்சியில் கிடக்கிறது. ஆனால் பிள்ளைகள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது, அதுதான் வேதனை, நான் செத்த மாதிரி பேசினால்தான் நன்றாக இருக்கிறேன் என்கிறார்கள்.

சரி, நானே என்னைக் கேட்டுப் பார்க்கிறேன், டாக்டர் கேட்பதற்கு முன்னால். டீக்கடைக்காரன் பெயர் இசக்கி. அவன் அப்பன் பெயரும் இசக்கி. வடிவின் முழுப் பெயர் சண்முகவடிவு, எனக்குத் தெரியும், கல்யாணப் பத்திரிகையில் சண்முகவடியு என்று அச்சடித்து அவள் அப்பா அச்சாபீஸில் போய்ச் சண்டை போட்டது வரைக்கும் தெரியும். இந்த ஸ்வெட்டர்? ஸ்வெட்டர் எப்படி வந்தது? இதோ இங்கேதான் சக்கரம் பள்ளத்தில் இறங்குகிறது. அம்பாசமுத்திரத்தில் சொன்ன கதையில் எஸ்டேட் துரை ஒருத்தன் என்னோடு சீட்டாடித் தோற்றுக் கழற்றிக் கொடுத்தது. சங்கரன்கோவில் கல்யாண வீட்டில் சொன்னதில் ஒரு கரடி. கரடி எப்படி வந்தது என்பது முழுசாக ஞாபகமில்லை, ஆனால் அது ஓடும்போது விட்டுவிட்டுப் போன ஸ்வெட்டர். இதெல்லாம் பொய் என்று தெரியும். உண்மை எது? மதுரையில், டவுன் ஹால் ரோடுப் பக்கம், திபெத்துக்காரர்கள் குளிர்காலத்தில் வந்து கயிறு கட்டித் தொங்கவிடுவார்களே, அங்கே வாங்கினது. நானும் வடிவும் அவள் சித்தி மகன் கல்யாணத்துக்குப் போனபோது. எனக்கு அந்த மாசம் கொடைக்கானல் பக்கம் மெஷின் விற்கப் போக வேண்டியிருந்தது. கன்னம் ரெண்டும் ஆப்பிளாக ஒரு திபெத்துக்காரி, 'அண்ணாச்சிக்கு மெரூன்தான் எடுப்பா இருக்கும்' என்றாள், சுத்தமான மதுரைத் தமிழில், வடிவு சிரித்துவிட்டாள், சிரித்தபின் எப்படிப் பேரம் பேசுவது, கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தோம். இது உண்மைதானே? திபெத்துக்காரி அண்ணாச்சி என்றாளா? இதைப் பார்த்தால் நான் கட்டின கதை மாதிரியே இருக்கிறது. இவ்வளவு அழகாக உண்மை இருக்காது. எனக்கு எது பயம் என்றால், முன்னெல்லாம் நான் கதை சொல்லும்போது பக்கத்தில் வடிவு உட்கார்ந்திருப்பாள், நான் உள்ளதைச் சொல்கிறவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாள், கூட்ட ஆரம்பித்த இடத்தில் அவள் கை காதுக்குப் போய்க் கம்மலைத் திருகும். கேட்பவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அட, இந்த இடத்திலிருந்து பொய் என்று நானே அவள் கம்மலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது யார் திருகுவார்கள்? கடையைக் காவல் இல்லாமல் விட்டுவிட்டுப் போய்விட்டாள். உள்ளது எது, கட்டினது எது, எல்லாம் ஒரே கயிற்றில் தொங்குகின்றன.

ஆனால் கழுத்தில் நூல் முனை இருக்க வேண்டும். அதுதான் அத்தாட்சி. கடை ஸ்வெட்டர் என்பதால் பின் கழுத்தில் கம்பெனி பெயர் போட்ட துணி ஒன்று தைத்திருந்தது, வடிவு அதை என் சவர பிளேடால் வெட்டி எடுத்தாள், இரண்டு நூல் மட்டும் பிடிவாதமாக நின்றுவிட்டது, அவற்றைச் சேர்த்து முடிச்சுப் போட்டாள். ஏன் வெட்டினாள்? மங்கையினால். அப்போது அவளுக்குப் பத்து வயது இருக்கும். கூடப் படிக்கிற ஸ்டெல்லாவின் அம்மா, அவள் அப்பாவுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறாளாம், கலர் கலராகப் பின்னுகிறாளாம், இந்தப் பிள்ளை வந்து, 'நம்ம அம்மாவுக்கு மாவாட்டுறதைத் தவிர ஒண்ணும் தெரியாது' என்று அவள் எதிரிலேயே சொல்லிவிட்டாள். வடிவு ஆட்டுரலைக் கழுவினாள், கழுவினதையே திரும்பக் கழுவினாள். அடுத்த வாரம் மதுரையிலிருந்து நாங்கள் வந்து பையைத் திறந்ததும் மங்கை, 'ஏதுப்பா இது?' என்றாள். வடிவு வாயைத் திறப்பதற்குள் நான், 'உங்கம்மா பின்னினது. நீ பள்ளிக்கூடம் போயிருக்கும்போது மத்தியானம் மத்தியானமா ஒளிச்சு வச்சுப் பின்னினா' என்றேன். வடிவு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. மகள் அந்தப் பக்கம் போனதும், 'என்னத்தச் சொல்லுதிய? எனக்குக் கிழிஞ்ச பாவாடையத் தைக்க வராது. மெஷின் விக்கிறவன் பொண்டாட்டின்னு ஊரே சிரிக்குது' என்றாள். ஆனால் அன்றைக்கே பிளேடை எடுத்துத் துணியை வெட்டினாள். மங்கை அந்த ஸ்வெட்டரில் முகத்தை வைத்துக்கொண்டு தூங்கியதை அவளும்தானே பார்த்தாள். அப்புறம் வந்தது வினை. எனக்கும் ஒன்று வேண்டும், பச்சையில் வேண்டும் என்று மகள் கேட்டாள். வடிவு ஊசி வாங்கினாள், பச்சைக் கம்பளி உருண்டை வாங்கினாள், ஒவ்வொரு மார்கழியும் மகள் வருகிற நேரத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள், உள்ளங்கை அகலத்துக்குமேல் அது வளர்ந்ததே இல்லை. ரயிலில் போகும்போதும் மடியில் ஊசியோடு. விரல் எவ்வளவு வேகமாகப் போகும் தெரியுமா, ஒன்றும் பின்னாமல் அவ்வளவு வேகம், என்னைவிடப் பெரிய ஆள் அவள். இல்லை, நில். அவ்வளவு வேகமாக விரல் போனால் அது நிஜமாகவே பின்னுகிற விரல்தானே? அந்த மெரூன் நூல் அவள் மடியிலிருந்து இறங்கித் தரையில் உருண்டதை நான் பார்க்கவில்லையா? மெரூனா, பச்சையா? மெரூன் உருண்டை ஒன்று கட்டிலுக்கு அடியில் போய், நான் குனிந்து எடுத்துக் கொடுத்து. கடவுளே. கையை உருவவா? உருவித் தடவிப் பார்த்துவிடவா? கழுத்தில் குத்துகிறது, குத்துகிறது என்றால் நூல் இருக்கிறது, நூல் இருக்கிறது என்றால் கடை ஸ்வெட்டர், கடை ஸ்வெட்டர் என்றால் எனக்கு ஒன்றுமில்லை. பேனாகக்கூட இருக்கலாம். படகு எங்கே? சிவப்புக் குல்லா இல்லை. மரங்களுக்கு அந்தப் பக்கம் போய்விட்டதா, தண்ணீர் இவ்வளவு அமைதியாக இருக்கிறதே, கத்தினால் கேட்குமா, லைஃப் ஜாக்கெட் போட்டார்களா, ஆரஞ்சு நிறம் தன் உடுப்புக்கு ஒத்துவராது என்று ஓவியா அடம்பிடித்தாளே. கோட்டுகள் கனக்கின்றன. சூடு போய்விட்டது அவற்றில். எப்போது போயிற்று? தோல் ஜாக்கெட் ஜில்லென்று இருக்கிறது. ஆட்கள் எங்கே?

'என்ன மாமா, முழிச்சிட்டே தூங்குறீங்களா?' மாப்பிள்ளை. பின்பக்கமாக வந்திருக்கிறார்கள், படகு அந்தத் துறையில் இறக்கிவிட்டதாம், கையில் சுட்ட சோளம், எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் மூக்கைப் பிடுங்குகிறது. மேகம் வந்துவிட்டது, அதைக்கூட நான் பார்க்கவில்லை. 'ஸ்ஸ், குளிருதுடா சாமி' என்று ஆளுக்கொரு கோட்டை என்மேலிருந்து உருவுகிறார்கள், வெங்காயம் உரிக்கிற மாதிரி என்னை உரிக்கிறார்கள். ஓவியா கேமராக்காரனைப் பிடித்துப் பேரம் பேசிக்கொண்டே, 'மாமா அந்த பைன் மரம் பக்கம் நில்லுங்க, அம்மா உங்க காலரை நிமிர்த்தி விடுங்க' என்று தூரத்திலிருந்து ஆளை நிறுத்துகிறாள். மங்கை மட்டும் சால்வையைப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆவுடை ரெண்டடி தள்ளி, சோளத்தைக் கடித்துக்கொண்டு, ஏரியைப் பார்ப்பதுபோல் நிற்கிறான், காது இங்கே. சரி, பரீட்சை. மங்கை என் ஸ்வெட்டர் கையை இழுத்துச் சரிசெய்தாள்.

'அப்பா, இந்த ஸ்வெட்டர் ஏதுன்னு ஞாபகம் இருக்காப்பா?'

உண்மை மட்டும் என்று முடிவு பண்ணியிருக்கிறேன். ஒரு பொட்டுக்கூடக் கூட்டக்கூடாது. 'இருக்கே' என்றேன். 'மதுரையில வாங்கினது. ரோட்டோரத்துல, ஒரு திபெத்துக்காரிட்ட.'

சோளம் கடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. மங்கையின் கை என் மணிக்கட்டில் அப்படியே நின்றது. அவள் தம்பியைப் பார்க்கவில்லை, ஆனால் பார்க்காமல் இருக்க எவ்வளவு பாடுபடுகிறாள் என்பது தெரிந்தது.

'அப்பா' என்றாள். 'நல்லா யோசிச்சுப் பாருங்க. அம்மா பின்னினதுப்பா. நான் ஸ்கூல் போயிருக்கும்போது ஒளிச்சு வச்சுப் பின்னினாங்க. எனக்குக்கூடப் பச்சையில ஒண்ணு ஆரம்பிச்சாங்க, கண்ணு ஒத்துழைக்கலைன்னு விட்டுட்டாங்க. மறந்துட்டீங்களாப்பா?'

ஐம்பது வயதுப் பெண். முடி முன்பக்கம் நரைத்திருக்கிறது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு நிற்கிறது, எனக்காகவா, அவள் அம்மாவுக்காகவா. இப்போது நான் என்ன செய்ய? இல்லை மங்கை, நான்தான் சரி, உனக்குத்தான் தெரியாது, கழுத்தில் பார், உங்கம்மாவுக்கு ஊசியை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாது என்று சொல்லி நிரூபிக்கலாம். நிரூபித்தால் எனக்கு மதுரை டாக்டர் வேண்டாம், பாளையங்கோட்டை வீடு திறந்திருக்கும், இசக்கி கடை பெஞ்சு எனக்குத்தான். ஆனால் மத்தியானம் மத்தியானமாக ஒளிந்து உட்கார்ந்து பின்னுகிற ஒருத்தி மங்கைக்குள் இருக்கிறாளே, இத்தனை வருஷமாக இருக்கிறாளே, அவளை எங்கே கொண்டுபோய் விடுவது? அதுவும் நம்புவாளா? பொய்யையே சொல்லிக்கொண்டிருந்தவன் ஒரு நாள் உண்மையைச் சொன்னால் அது வியாதி மாதிரிதான் தெரியும். ஆவுடை தொண்டையைச் செருமினான். அப்புறம் என் நாக்கு, காலையிலிருந்து கஞ்சி குடித்துக் கிடந்த நாக்கு, தன்னால் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டது.

'ஏட்டி, உன்னையச் சோதிச்சேன்' என்றேன். 'ஞாபகம் இருக்கான்னு பாத்தேன். நீங்க மட்டும்தான் கேள்வி கேப்பியளோ? நேத்து சப்பாத்தி, குருமா, எனக்குக் காரம் கம்மி. ரூமு ரெண்டாவது மாடி, லிஃப்ட்டு பக்கம். உங்கம்மா இதைப் பின்னின கதை உனக்கு முழுசாத் தெரியுமா? இடது கைய முதல்ல பின்னினா, பேச்சு சுவாரஸ்யத்துல நிறுத்த மறந்துட்டா, முழங்கால் வரைக்கும் போயிட்டு. என்னைய நிக்க வச்சு அளவு பாத்துட்டு, சட்டைக்குத் தக்கன உங்க கைய நீட்டிக்க முடியுமான்னு கேக்கா. பிரிச்சா, திரும்பப் பின்னினா. அந்த மெரூன் உருண்டை கட்டிலுக்கடியில ஓடும், நான் முட்டி போட்டு எடுத்துக் குடுப்பேன். பாதி ஸ்வெட்டர் நான் பின்னின கணக்குதான்.'

மங்கையின் கை காதுப் பக்கம் போயிற்று. கம்மலுக்கா? முடியை ஒதுக்கினாள், அவ்வளவுதான். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். 'இந்த ஆளோட முடியலை' என்றாள், அவள் அம்மா சொல்கிற மாதிரியே. பிறகு என் பின் கழுத்தில் விரலை விட்டு ஸ்வெட்டரை மடக்கிக் காட்டினாள். 'இங்க பாருடா ஆவுடை, அம்மா முடிச்சு. பின்னி முடிச்சதும் ஒரு முடிச்சுப் போட்டிருக்காங்க பாரு. சின்ன வயசுல இதைப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன்.' அவள் விரல் அந்த இரண்டு நூல்மேல் அழுந்தியது. இருக்கிறது. இரண்டு நூல், ஒரு முடிச்சு. அப்பாடா என்றிருந்தது எனக்கு. நான் பொய்தான் சொல்லியிருக்கிறேன். சுத்தமான, தெளிவான பொய். ஆவுடை குனிந்து பார்த்துவிட்டு அக்காவிடம் ஏதோ புருவத்தால் கேட்டான், அவள், 'திங்கக்கிழமை நேரா வீட்டுக்கே போயிருவோம்டா. அப்பா நல்லாத்தான் இருக்காங்க, நம்மளைத்தான் ஆட்டிவைக்கிறாங்க' என்றாள். 'அப்ப சரி' என்று அவன் மிச்சச் சோளத்தை என்னிடம் நீட்டினான். பல்லில்லாதவனுக்குச் சோளம். வாங்கிக்கொண்டேன். பாளையங்கோட்டை வீட்டுக் கதவு தன்னால் திறந்து உள்ளே வெயில் விழுந்தது.

'எல்லாரும் வாங்க, மேகம் மூடப்போகுது' என்று ஓவியா கூப்பிட்டாள். மங்கை எழுந்து முன்னால் போனாள். ஆவுடையும் போனான். பைன் மரத்தடியில் வரிசையாக நிற்கிறார்கள், ஜெர்கின், தோல் ஜாக்கெட், சாம்பல் கோட்டு, வெள்ளைப் புசுபுசு, சால்வை, எல்லாரும் கதகதப்பாக, அவரவர் நிறத்தில், ஓவியா நினைத்த மாதிரியே, ஏதோ துணிக்கடை விளம்பரத்துக்கு நிற்கிற மாதிரி. நடுவில் எனக்கு இடம் விட்டிருக்கிறார்கள். எழுந்தேன். மடியிலிருந்து ஒன்று சரிந்து காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். நீளக் கோட்டு. யாருடையது இது? அங்கே பார்க்கிறேன், எல்லார்மேலும் கோட்டு இருக்கிறது, ஒருவரும் வெறும் சட்டையில் இல்லை. இதற்கு முன்னால் இந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் யாராவது விட்டுவிட்டுப் போயிருப்பார்கள், பெரிய இடத்து ஆளாக இருக்கும், துணி நல்ல துணி, தையல்காரனுக்குக் கை இருக்கிறது, பொத்தான் ஒவ்வொன்றும் அதிரசம் தண்டி. சுற்றுமுற்றும் பார்த்தேன். தேடிக்கொண்டு வருகிற ஆள் ஒருவரும் இல்லை. இதைப் பிள்ளைகளிடம் கேட்கலாமா? கேட்கக்கூடாது என்று எதுவோ உள்ளே சொல்கிறது, ஏன் என்று தெரியவில்லை, கேட்காதே, இப்போதுதான் பாஸ் ஆகியிருக்கிறாய். 'மாமா, சீக்கிரம், குளிருது பாருங்க' என்று ஷர்மிளா கை காட்டுகிறாள். மேகம் தண்ணீர்மேல் இறங்கிவிட்டது. ஜில்லென்று காற்று. தேடி வந்தால் கொடுத்துவிட்டுப் போகிறது. போட்டுக்கொண்டேன். தோளில் சரியாக உட்கார்ந்தது, கை நீளம்கூட ஒரு விரல் கூடவில்லை குறையவில்லை, எனக்கென்றே யாரோ அளவு பார்த்து வாங்கின மாதிரி. கோட்டு ஏது என்று இவர்கள் கேட்காமலா விடுவார்கள்? சொல்வதற்கு ஒன்று வேண்டும். துரை வேண்டாம், கரடி வேண்டாம், அதெல்லாம் பழசு. பைன் மரத்தடிக்கு நடந்துகொண்டே யோசிக்க ஆரம்பிக்கிறேன்.